ஜெர்மனிக்கு முந்தைய ஓராண்டு

தமிழரும் ஜெர்மானியரும் ஒருவர் மொழியை மற்றவர் கற்ற வரலாற்றில் முதலில் மாணவராக அமர்ந்தவர் ஜெர்மானியரே: 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழ் பயின்று எழுதிய இலக்கணம், 1716-இல் ஹாலே நகரில் அச்சேறியது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் சென்னை ஐ.ஐ.டி. எழுந்தபின் திசை மாறத் தொடங்கியது.

ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சேர, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும் கொண்ட இந்திய மாணவர், ‘ஸ்டூடியன்கோலெக்’ எனும் ஆயத்தக் கல்லூரியில் வழக்கமாக இரு பருவங்கள் பயின்று, பொறியியலுக்கு ‘டி’, மருத்துவத்துக்கு ‘எம்’ எனப் பிரிந்த வகுப்புகளின் முடிவில் தகுதித் தேர்வில் தேறவேண்டும்; ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியோர்க்கு உரிய துறைகளில் நேரடி வாயில் உண்டு. இதற்கு முதற்படியாக, சென்னீர்குப்பத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே சென்னை நகருக்குள் சென்று, இந்தியாவுக்கே வராத ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் முல்லரின் பெயர் தாங்கிய நிலையத்தில் ஜெர்மன் தொடங்கும் மாணவர், மேசையை ஆண்பாலாகவும், சூரியனைப் பெண்பாலாகவும், சிறுமியை அஃறிணை போலவும் மனனம் செய்கிறார்.