எண்ணெய்த் துளியின் வேகம்

பெட்ரோல் பங்கில் நிற்கும்போது நமக்குத் தோன்றாத ஒரு விஷயம்: எண்ணெய்க் கிணறு வயதாக வயதாக, எண்ணெயைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் கக்கும். வட கடலின் கிழட்டு மேடைகளில் ஒரு பீப்பாய் எண்ணெயோடு பல பீப்பாய் உப்புநீர் மேலே வருகிறது. அதில் பெரும்பகுதி கடலுக்கே போகிறது. போகும் முன் எண்ணெயைப் பிரிக்க வேண்டும்.

எண்ணெய் தானாக மிதந்து வந்துவிடாதா? வரும். எவ்வளவு நேரத்தில் என்பதுதான் கேள்வி. 1851-லேயே ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் இதற்கு விடை சொல்லிவிட்டார். (மனிதர் யோசித்தது ஊசலைப் பற்றி, எண்ணெயைப் பற்றி அல்ல.) துளியின் விட்டம் பாதியானால் வேகம் கால்வாசியாகும். 100 மைக்ரான் துளி ஒரு மீட்டர் ஏற ஏறத்தாழ 20 நிமிஷம் என்றால், 10 மைக்ரான் துளிக்கு ஒன்றரை நாள்! தரையில் பெரிய தொட்டி கட்டிவிட்டுக் காத்திருக்கலாம். கடல் நடுவே, ஒவ்வொரு டன் எடைக்கும் கணக்குப் பார்க்கிற மேடையில் அது நடக்காது.

சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் தியூவும் டெரெக் கோல்மனும் கையில் எடுத்தது ஹைட்ரோசைக்ளோனை. நிலக்கரி கழுவ ஏற்கெனவே இருந்த கருவிதான். நீரைப் பக்கவாட்டில் வேகமாகச் செலுத்தினால் குழாய்க்குள் சுழி உண்டாகும். கனமானது சுவரோரம் ஒதுங்கும். ஆனால் நிலக்கரித் தூள் உடையாது, எண்ணெய்த் துளி உடையும். ரொம்ப முரட்டுத்தனமாகச் சுழற்றினால் துளி இன்னும் பொடியாகி, ஸ்டோக்ஸ் மறுபடி வழியை மறிப்பார். அதனால் அவர்கள் நீண்டு, மெதுவாகக் குறுகும் குழாயை வடிவமைத்தார்கள். நீர் சுவரோரமாகப் போய் ஒரு முனையில் வெளியேறும். எண்ணெய் நடுவில் மெல்லிய இழையாகச் சேர்ந்து எதிர்முனை வழியே திரும்பி வரும். எல்லாம் சில நொடிகளில். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. 1980-களில் இது கடல் மேடைகளுக்கு ஏறியது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். வட கிழக்கு அட்லாண்டிக்கைக் கவனிக்கும் ஆஸ்பார் அமைப்பு 2001-இல், லிட்டருக்கு 40 மில்லிகிராமாக இருந்த எண்ணெய் வரம்பை 30 ஆகக் குறைத்தது. சரி, எண்ணெய் என்றால் எது? இது குதர்க்கம் இல்லை. நெடுநாள் ஃப்ரீயான் போன்ற கரைப்பானில் எண்ணெயை இழுத்து, அகச்சிவப்புக் கதிரால் அளந்தார்கள். ஓசோன் ஓட்டையால் ஃப்ரீயான் போனது. 2007-இல் வாயு குரோமட்டோகிராஃபி முறை வந்தது. முறை மாறினால் அதே நீருக்கு வேறு எண் வரும்.

எந்த முறையில் அளந்தாலும், நீரில் கரைந்தே போன பென்சீன், பீனால் வகைகளைச் சுழி பிரிக்காது. அவை துளியே இல்லையே! பீனாலின் உறவான அல்கைல்ஃபீனால்களை நார்வே ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் காட் மீன்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் இனப்பெருக்கம் குழம்பியது. 30 என்ற எண் அந்த மீன்களைக் கேட்டு எழுதியதில்லை.