திறவாத கதவுகளின் பட்டியல்

மடுல்கெல்லைத் தேயிலை மலைகளில் வாழும் நம் மக்களுக்கு அரசாங்கத்தின் எழுத்து நெடுங்காலம் பூட்டிய கதவாகவே இருந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1956 இன் தனிச் சிங்களச் சட்டம் அரசாங்கக் கடிதத்தையும் அவர்களுக்கு அந்நியமாக்கியது. 1987 இல்தான் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. இன்று விண்ணப்பங்களும் அறிவித்தல்களும் இணையத்தளங்களில் ஏறுகின்றன. ஒரு தளத்தினுள் யார் நுழையலாம், யாருக்கு எங்கே தடை என்பதை அத்தளத்தாரே எழுதிவைக்கும் ‘அணுகல் அறிக்கை’யின் வரலாறு ஆகவே நமக்கும் உரியது.

இவ்வறிக்கை கருணையிற் பிறந்ததன்று. 1999 ஜூனில், சிட்னி ஒலிம்பிக் தளத்தின்மீது புரூஸ் மக்குவயர் என்னும் பார்வையற்றவர் முறையிட்டார். படங்களுக்குச் சொல்விளக்கம் இல்லை. போட்டி முடிவுகளின் அட்டவணையை அவரால் படிக்க இயலவில்லை. திருத்துவதற்குப் பெருஞ்செலவாகும், காலம் போதாது என்றனர் அமைப்பாளர். (லயத்துக் கூரையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இந்த விடை புதிதன்று!) ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணைக்குழு அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2000 ஆகஸ்டில் இட்ட உத்தரவு முழுமையாக நிறைவேறாமையால், நவம்பரில் 20,000 டாலர் நட்டஈடு விதித்தது.

2016 இல் ஐரோப்பிய ஒன்றியம் பொதுத்துறைத் தளங்களுக்கு அணுகல் அறிக்கையைக் கட்டாயமாக்கியது. ‘அனைவரையும் வரவேற்கிறோம்’ என்னும் உபசார மொழி அங்கே செல்லாது. எந்தப் பகுதி அணுக முடியாதது, ஏன், மாற்றுவழி யாது, குறையை எவரிடம் சொல்வது, அவர் செவிசாய்க்காவிடில் எங்கே முறையிடுவது என்பனவெல்லாம் எழுதப்பட வேண்டும்.

இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோர்க்குப் பொதுக் கட்டடங்களுள் நுழையும் உரிமையை வழங்கிற்று. 2006 இன் அணுகல் விதிகளும் கட்டடங்களைப் பற்றியனவே. 2016 இல் நாடு ஏற்றுறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையின் 9 ஆம் உறுப்புரையோ இணையத்தையும் சேர்த்தே பேசுகிறது.

தமிழுக்கென்று தனித்த இடர் ஒன்றுண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்த பக்கம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானுக்கோ அது பொருளற்ற ரோம எழுத்துக் கோவை. சுற்றறிக்கையைப் படம்பிடித்து ஒட்டினால் அதுவும் இல்லை. யூனிக்கோடுத் தமிழில் தட்டச்சிட்டால் தீரும் குறை இது. தமிழில் அறிக்கை எழுதுவோர் இதனை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். கூடவே, தமிழில் விடையளிக்கும் ஒரு தொலைபேசி எண்ணையும் தரவேண்டும். பக்கத்தைத் திறக்க இயலாதவர் அதனுள்ளே இருக்கும் முறைப்பாட்டுப் படிவத்தை எவ்வாறு நிரப்புவார்?