வாயைத் திறந்து காட்டுங்கள்

நண்பர்களே, இம்மலரில் பலரும் விடுதியையும் மெஸ்ஸையும் பற்றி எழுதுவார்கள். நான் நாம் கவனிக்காமல் விட்ட ஒரு வரலாற்றை எழுதுகிறேன்.

நாம் பொறியியல் படித்த அதே அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில், உயிர்வேதியியல் துறையினர் வாய்ப் புற்றுநோயைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஹாம்ஸ்டர் என்ற எலி இனத்துக்குக் கன்னத்தில் தீனிப் பை உண்டு. அதில் ரசாயனம் தடவிப் புற்றை உண்டாக்கலாம் என்று 1954-ல் சேலி என்ற அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் காட்டினார். இங்கே பேராசிரியை நாகினியின் குழு அதே முறையில், டி.எம்.பி.ஏ. என்ற ரசாயனத்தை வாரம் மூன்று முறை, 14 வாரம் தடவியது. கூடவே வேப்பிலைச் சாறு கொடுத்த எலிகளில் புற்று தடுக்கப்பட்டதை 1999-ல் வெளியிட்டது. பூண்டு, தக்காளி என ஆய்வு தொடர்ந்தது. எலிக்குப் பலித்தது மனிதனுக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. வேப்பிலையைத் தின்றுவிட்டுப் புகையிலையும் போடலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்!

தடுப்பது ஒருபுறம், முன்கூட்டியே கண்டுபிடிப்பது இன்னொருபுறம். 1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் டாக்டர் சங்கரநாராயணன் குழுவினர் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாய்க்குள் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2005-ல் வந்த முடிவில், எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. யாருக்கு ஆபத்து அதிகமோ, அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்பதே பாடம்.

கடலூர் முதுநகரில் என் அத்தை வெற்றிலையோடு புகையிலை போடுவார். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு இருந்தது. "சுண்ணாம்பு சுட்டதுடா, ரெண்டு நாள்ல ஆறிடும்" என்பார். நானும் நம்பினேன். 1980-ல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி நம் வளாகத்திலேயே இருந்தது. தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன நான், ஒரு நாள் அத்தையையும் கூட்டி வந்திருக்கலாம். தோன்றவில்லை. நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அத்தை போய்விட்டார்.

இன்று தொழிற்சாலையில் இயந்திரத்தில் விரிசல் விழுகிறதா என்று மாதந்தோறும் பார்ப்பது என் வேலை. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் புகையிலை போடுகிறவர் ஒருவர் இருப்பார். ஆறாத புண்ணோ, வெள்ளை, சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் சும்மா விடாதீர்கள். கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.