கரிசல் பூமியின் இருண்ட சித்திரக்கதைகள்

கொலை, பழிவாங்கல், குற்றவுலகம் ஆகியவற்றைக் கருவாகக் கொண்ட அயல்நாட்டுச் சித்திரக்கதைகள் தமிழ் பேசியதில் கரிசல் வட்டாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கோவில்பட்டிக்கு வடக்கே சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் 1972-இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. அவர் மகன் எஸ். விஜயன் 1984 ஜூலையில் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யுடன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார்.

மழை குறைந்த இந்த மண்ணில் விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியவில்லை. 1920-களில் தீப்பெட்டித் தொழில் வந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகங்கள் பெருகின; வறண்ட காற்றில் மையும் சீக்கிரம் உலர்ந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி வீடுதோறும் தொங்கின. காமிக்ஸ் வருவதற்கு முன்பே இந்த ஊர்கள் அச்சுப் படத்தோடு பழகியவை.

ஆனால் காமிக்ஸ் கொண்டுவந்த படம் வேறு வகை. காலண்டரில் எல்லாம் வண்ணமும் ஒளியும்; மாயாவி கதையிலோ பாதிப் பக்கம் கறுப்பு. ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ, மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் லூயிஸ் கிராண்டேலை நிழல்களுக்குள் நடமாட விட்டார். அவன் தொடக்கத்தில் நல்லவனே அல்ல. ‘குற்றச் சக்கரவர்த்தி’ என்று தமிழ் வாசகர்கள் கொண்டாடிய ஸ்பைடரும் அப்படித்தான்: குற்றவாளிகளுக்கெல்லாம் தலைவனாக ஆசைப்பட்டவன். ஓவியர் ரெஜ் பன் நெருக்கமான குறுக்குக் கோடுகளால் அவன் முகத்தைச் செதுக்கினார். பின்னாளில் கதை எழுதியவர்களில் ஒருவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். வில்லனின் பக்கம் நின்று கதையைத் தொடர வைப்பது எளிய வித்தையல்ல. அந்த முகத்தின் கோடுகள்தான் அதைச் சாத்தியமாக்கின.

கலையும் கதையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் உச்சம் ‘தங்கக் கல்லறை’. தமிழில் கேப்டன் டைகர் என்று அறியப்படும் புளூபெரியின் சாகசம். எழுதியவர் ழான்-மிஷேல் ஷார்லியே, வரைந்தவர் ழான் ஜிரோ. அரிசோனாவின் வறண்ட மலைகளில் தங்கத்தைத் தேடிப் போகிறவர்களைத் தங்கத் தோட்டா கொல்கிறது. வெக்கையும் தாகமும் ஜிரோவின் தூரிகையில் கண்முன் நிற்கின்றன. தண்ணீருக்கு ஏங்கும் நிலத்தை அறிந்த கரிசல் வாசகனுக்கு அந்தப் பாலை அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. துப்பாக்கிச் சூட்டைவிட, பேராசை மனிதரைக் கட்டம் கட்டமாகச் சிதைப்பதே இதில் பயங்கரம்.

வான் ஹாம், வில்லியம் வான்ஸ் கூட்டணியின் ‘XIII’, தமிழில் ‘இரத்தப் படலம்’. நினைவிழந்த ஒருவன் தான் ஒரு ஜனாதிபதியைக் கொன்றவனா என்று தேடும் கதை. இதன் 18 பாகங்களை லயன் 2010-இல் கறுப்பு-வெள்ளையில் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. பிறகு வண்ணப் பதிப்பும் வந்தது. வண்ணம் இடத்தையும் நேரத்தையும் தெளிவாக்குகிறது. ஆனால் சந்தேகம் சூழ்ந்த இந்தக் கதைக்குக் கறுப்பு-வெள்ளை கூடுதலாகப் பொருந்துகிறது.

ஹோடரோவ்ஸ்கி எழுதி, பூக் வரைந்த ‘பௌன்சர்’ இன்னும் கொடூரமானது. ஒற்றைக் கை நாயகன், கைவிடப்பட்ட பிள்ளைகள், குடும்பத்துக்குள்ளேயே கொலை. இது சிறுவர் நூல் அல்ல. காமிக்ஸ் என்ற பெயரை நம்பிச் சிறுவர் கையில் கொடுத்துவிடக் கூடாது. பெரியவர் படிக்கையில் கவனிக்க வேண்டியது, அடி விழும் கட்டத்தை அடுத்து பூக் வரையும் முகங்களை. அடித்தவன், அடிபட்டவன், பார்த்து நிற்பவன் என ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்பதை அவர் விடாமல் காட்டுகிறார். வன்முறையை வெறும் காட்சியாக விற்கும் கதைகளில் இந்தக் கட்டங்கள் இருப்பதில்லை.

இத்தகைய கதைகள் தமிழ் மரபுக்கு ஒவ்வாதவை என்பாரும் உண்டு. ஆனால் போர்க்களப் பிணங்களிலிருந்து பேய்கள் கூழ் சமைப்பதை விரிவாகப் பாடிய ‘கலிங்கத்துப்பரணி’ தமிழின் பெருமைக்குரிய இலக்கியமாகவே போற்றப்படுகிறது.