சொத்து இல்லாத ஆயாவுக்கு எந்தச் சட்டம்?

சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலை அடிவாரக் காலனிகளுக்குப் போனால், முதியவர்களிடம் "அடிக்கிறாங்களா?" என்று நாங்கள் கேட்பதில்லை. எந்தத் தாயும் பெற்ற மகனைக் காட்டிக்கொடுக்க மாட்டார். "ஓ.ஏ.பி. பணம் வந்துச்சா ஆயா? யார் கையில இருக்கு?" என்று கேட்போம். பதில் சொல்லுமுன் அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தால், பாதி புரிந்துவிடும்.

வீட்டுக்குள் முதியவர்கள் அடிபடுவதை மருத்துவ உலகம் பேசத் தொடங்கியதே 1975இல்தான். குழந்தைகள் அடிபடுவதைப் பேசுகிறோம், முதியவர்களும் அடிபடுகிறார்கள் என்று பர்ஸ்டன் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். இங்கே 2010இல், தன்னைக் கொல்லக் குடும்பம் திட்டமிடுவது தெரிந்து ஒரு முதியவர் தப்பி ஓடிய பிறகுதான், விருதுநகர் வட்டாரத் தலைக்கூத்தல் பெரிய செய்தியானது. ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தும் 'வீட்டு விஷயம்' என்று மூடியே வைத்திருந்தார்கள்.

அதற்கு முன்பே 2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்துவிட்டது. அதைச் சாதியக் கண்ணோடு படியுங்கள். பிரிவு 23, எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற வழி செய்கிறது. எழுதிக்கொடுக்க நம் ஆயாவிடம் என்ன இருக்கிறது? பிள்ளையில்லாதவர் உறவினரிடம் பராமரிப்பு கேட்கலாம். ஆனால் அந்த உறவினர் அவருடைய சொத்தை வைத்திருக்க வேண்டும், அல்லது வாரிசாக அடைய வேண்டும். தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு இந்தக் கதவு பாதிதான் திறக்கிறது. மாவட்டந்தோறும் ஆதரவற்றோருக்கு முதியோர் இல்லம் என்பதைக்கூட 'அமைக்கலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது, 'அமைக்க வேண்டும்' என்றல்ல.

நம் முதியவர்களில் பலருக்குக் கையில் வரும் ஒரே சொத்து, இந்த மாநிலம் 1962இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகைதான். அன்று மாதம் 20 ரூபாய். 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாய். வீட்டில் சண்டை அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

நாம் அதிகம் பயன்படுத்தாத ஒரு சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டுமானதல்ல, ஒரே வீட்டில் வாழும் தாய்க்கும் உரியது. பணத்தைப் பிடுங்குவதும் சோற்றுக்குக் காசில்லாமல் விடுவதும் அதில் பொருளாதார வன்முறை. சொத்து இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். மாற்றுத்திறனாளி என்றால் ஆணோ பெண்ணோ, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 7படி நிர்வாக நடுவரிடம் நாமே தகவல் கொடுக்கலாம். தாத்தாக்கள் பிள்ளைகளிடம் பராமரிப்பு கேட்க, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் இருக்கிறது.

"வெளியே சொன்னா ஊர்த்தெரு சிரிக்கும்" என்பார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டதால் 1951இல் அமைச்சர் பதவியையே துறந்தவர் அம்பேத்கர். வீட்டுக்குள் நடக்கும் அநீதியை அவர் வீட்டு விஷயமாக விடவில்லை.

தோழர்களே, அடுத்த முறை காலனிக்குப் போகும்போது ஆயாவிடம் தனியாகப் பத்து நிமிடம் உட்காருங்கள். பாஸ்புக் எங்கே, கைரேகை வைத்த பணத்தை யார் எண்ணினார்கள், மருந்து யார் வாங்கித் தருகிறார்கள் என்று கேளுங்கள். அவர் சம்மதமில்லாமல் மகனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது அவர்தான். 181, 14567 இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த வாரமும் போங்கள்.