தங்கவயலும் அண்ணனின் மாத்திரையும்

கேஜிஎஃப்காரன் என்று சொன்னால் போதும், இங்கே மஸ்கட்டில் எல்லோரும் தங்கத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இன்று என் அண்ணனின் கதை. அதுவும் தங்கவயல் சரித்திரம்தான்.

ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் சுரங்க வேலையைத் தொடங்கியது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. எங்கள் லைன் வீடுகளில் அப்பாவுக்குப் பின் பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாகச் சுரங்கம்தான் பிழைப்பு. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கேஜில் இறங்கும்போதோ, கீழே இருட்டிலும் வெக்கையிலும் நிற்கும்போதோ ஃபிட்ஸ் வந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கும் ஆபத்து. வலிப்பு உள்ளவனைக் கீழே அனுப்பக்கூடாது என்பது நியாயம். ஆனால் சுரங்கத்தை விட்டால் வேறு வேலை இல்லாத ஊரில், அந்த நியாயமே தண்டனையாகிவிடும்.

அண்ணனுக்கு 1990-இல், 19 வயதில், முதல் வலிப்பு. அம்மா யாருக்கும் சொல்லவில்லை. பார்த்தவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். ஒரு பட்டறையில் மறைத்து வேலைக்குச் சேர்ந்தான், ஒரே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள்.

பிறகு ஒரு தையல் கடைக்காரரிடம் அப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் செய்தது மூன்றே காரியம். இஸ்திரிப் பெட்டியை வேறு பையனிடம் கொடுத்தார். அண்ணனைப் பட்டன், காஜா, கணக்கு என்று உட்கார வைத்தார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரி என்று கடைப் பையன்களுக்குச் சொல்லி வைத்தார். "மாத்திரை போட்டியா தம்பி?" என்று தினமும் கேட்பார். பத்து வருடம் ஓடியது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடியது. சம்பளம் நின்ற ஊரில் யார் துணி தைப்பார்கள்? கடையும் போனது.

அதே 2001-இல்தான் டாக்டர் கே.எஸ். மணியும் குழுவினரும் கர்நாடகத்தின் எளந்தூர் கிராமங்களில் செய்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது. ஃபீனோபார்பிட்டால், ஃபெனிடாயின் என்ற விலை குறைந்த பழைய மாத்திரைகளாலேயே கிராமத்திலும் வலிப்பை அடக்கலாம் என்று அது காட்டியது. ஃபீனோபார்பிட்டாலை வலிப்புக்குக் கொடுக்க ஆரம்பித்தது 1912-இல்! மருந்து எப்போதோ வந்துவிட்டது, நம் மனதுதான் தாமதம். இந்து திருமணச் சட்டத்திலிருந்து வலிப்பு என்ற சொல்லையே 1999-இல்தான் எடுத்தார்கள்.

ஊரே விடியற்காலை ரயிலேறி பெங்களூர் போனது, அண்ணனும் போனான். தினமும் நாலு மணிக்கு எழுந்தான். தூக்கம் கெட்டது, அடங்கியிருந்த வலிப்பு திரும்பியது. சேர்ந்த இடத்தில் அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் மாத்திரையை மாற்றவில்லை, தூங்கச் சொன்னார். பெங்களூரிலேயே அறை எடுத்தான். அடுத்த இடத்தில் முதல் நாளே விஷயத்தைச் சொல்லி, நைட் ஷிஃப்ட் வேண்டாம் என்று கேட்டான். கொடுத்தார்கள். இன்றும் அங்கேதான்.

வங்கியில் ஒரு தொழிலின் பெயரைக் கேட்டதும் கடன் இல்லை என்று சொல்வதில்லை. எங்கே ரிஸ்க், எப்படிக் குறைக்கலாம் என்று பிரித்துப் பார்ப்போம். உயரம், நெருப்பு, ஓடும் மெஷின், ராத்திரி ஷிஃப்ட் என்று வலிப்பிலும் பிரித்துப் பார்க்கலாம். மீதி வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் வலிப்பு தனியாக இல்லை. அதனால் முதலாளியின் மனசுதான் இன்னும் பெரிய சட்டம்.

வெளிநாட்டில் பிள்ளைகளின் மாத்திரையை ஒளித்து வைக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவும் அப்படித்தான் ஆரம்பித்தார். அண்ணனுக்கு வேலை நிலைத்தது அப்பா வாய் திறந்த பிறகுதான்.