சாட்சி சொன்ன கொலையாளி

தூக்குத் தண்டனையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது லண்டனில் நடந்த திமோதி எவன்ஸ் வழக்குதான்.

நாட்டிங் ஹில் பகுதி, ரில்லிங்டன் பிளேஸ், 10-ஆம் எண் வீடு. மாடியில் எவன்ஸ் குடும்பம். அவர் வேன் ஓட்டுநர். எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாதவர். 1949 நவம்பரில் அவருடைய மனைவியும் ஒரு வயதுப் பெண் குழந்தையும் கொல்லப்பட்டார்கள். போலீசில் எவன்ஸ் மாற்றி மாற்றிப் பேசினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு வாக்குமூலமும் கொடுத்தார். பிறகு நீதிமன்றத்தில், கீழ்வீட்டு ஜான் கிறிஸ்டிதான் கொன்றார் என்றார். ஆனால் அந்தக் கிறிஸ்டிதான் அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி! போர்க்காலத்தில் போலீஸ் வேலை பார்த்தவர். ஜூரிகள் அவரை நம்பினார்கள். 1950 மார்ச் 9 அன்று எவன்ஸைத் தூக்கிலிட்டார்கள். வயது 25.

மூன்று வருடம் கழித்து, அதே வீட்டின் சமையலறைச் சுவருக்குள் மூன்று பெண்களின் சடலங்கள் கிடைத்தன. தரைப்பலகைக்கு அடியில் கிறிஸ்டியின் மனைவி. தோட்டத்தில் இன்னும் இரண்டு பெண்களின் எலும்புகள். அந்த எலும்புகள் 1949-இல் போலீஸ் வந்து தேடியபோதே அங்கேதான் கிடந்தன.

1953 ஜூலையில் கிறிஸ்டியும் தூக்கிலிடப்பட்டார். 1966-இல் எவன்ஸுக்கு அரச மன்னிப்பு கிடைத்தது, இறந்து பதினாறு வருடம் கழித்து.

நிரபராதி ஒருவர் செத்தார் என்பதோடு இது முடியவில்லை. எவன்ஸைத் தூக்கிலிட்டதும் வழக்கை மூடிவிட்டார்கள். கிறிஸ்டி சுதந்திரமாக நடமாடினார். அதற்குப் பிறகுதான் தன் மனைவியையும் அந்த மூன்று பெண்களையும் கொன்றார். அவசரத் தீர்ப்புக்கு அவர்களும் பலி என்றே நான் கணக்கு வைக்கிறேன்.